வர்த்தக வலயம் வரும் என்று நகையை வைத்துக் காணி வாங்கலாமா?

கேள்வி: நான் பாண்டிருப்பில் ஆசிரியை. கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். 3 வருடங்களுக்கு முன் கல்முனைக்கு மேற்கே வட்டை (வயல்வெளி) ஓரமாக 20 பேர்ச் (ஏக்கரில் எட்டில் ஒரு பங்கு) வயல் துண்டு ஒன்றை 30 லட்சத்துக்கு வாங்கினோம். அதில் 18 லட்சம் நகை அடகு. புதிய நகரத் திட்டத்தில் அந்தப் பக்கம் வர்த்தக வலயமாகும், விலை இரட்டிப்பாகும் என்று அண்ணன் சொன்னார். இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. போன வருடம் அதே வட்டையில் பேர்ச் 60,000 ரூபாவுக்குத்தான் கைமாறியது. காணிக்குப் போக 10 அடி ஒழுங்கைதான். வருடா வருடம் 15 சதவீத வட்டியை மட்டும் கட்டி அடகைப் புதுப்பிக்கிறேன். கணவர் அனுப்புவதில் மாதம் 75,000 ஒதுக்க முடியும். இப்போது பக்கத்துத் துண்டையும் எடுப்போம், மகளின் நகையையும் வை என்கிறார். மகளுக்கு 3 வருடத்தில் கல்யாணம், வீடும் கொடுக்க வேண்டும். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பக்கத்துத் துண்டை மறந்துவிடுங்கள். எனக்குக் கவலை அந்த அடகைப் பற்றித்தான்.

நகை அடகு வைக்கக் கூடாது என்று உங்களுக்குப் பாடம் எடுக்கப் போவதில்லை. வேளாண்மைக்கு வைத்து, வெட்டி முடிந்ததும் மீட்பது நம் பகுதியில் எத்தனையோ வீட்டில் நடப்பதுதான். அங்கே மீட்கப் பணம் எப்போது வரும் என்று தெரியும். நீங்கள் வர்த்தமானியில் (அரசிதழில்) என்றோ வரப்போகும் ஓர் அறிவித்தலுக்காக வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

கணக்கைப் பாருங்கள். ரசீதில் வட்டி 15 சதவீதம். 18 லட்சத்துக்கு மாதம் 22,500 ரூபா, 3 வருடத்தில் 8 லட்சத்துக்குச் சற்று மேல். காணி எழுதியபோது முத்திரை வரி ஏறக்குறைய 4 சதவீதம், அது 1 லட்சத்து 20 ஆயிரம். நொத்தாரிசுக்குக் கொடுத்தது தனி. ஆக, இன்று 40 லட்சத்துக்கு விற்றால்தான் கைப்பணம் திரும்பும். அதே வட்டையில் போன வருடம் பேர்ச் 60,000 ரூபாவுக்குக் கைமாறியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த விலையில் உங்கள் 20 பேர்ச் 12 லட்சம். மீதி 18 லட்சத்தை அண்ணனின் பேச்சுக்குக் கொடுத்திருக்கிறீர்கள்.

அவர் சொல்லும் வலயம் வந்தாலும் வயல் வயல்தான். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டப்படி, கமநல ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் வயலை நிரப்பவோ வேறு தேவைக்குப் பயன்படுத்தவோ முடியாது. நகர அபிவிருத்தி அதிகார சபை வரைபடத்தில் நிறம் மாற்றினால் இந்த அனுமதி தானாக வந்துவிடாது. அனுமதி கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். எத்தனை மாடி கட்டலாம் என்பதில் வீதியின் அகலத்துக்கும் காணியின் முகப்புக்கும் பெரிய பங்கு உண்டு. உங்கள் காணிக்குப் போவது 10 அடி ஒழுங்கை. அதில் மூன்று மாடிக் கடைத்தொகுதிக்கு எந்த சபை கையொப்பம் வைக்கும்? மாரியில் ஒருமுறை அங்கே போய், சைக்கிள் சில்லு எவ்வளவு தாழ்கிறது என்றும் பாருங்கள். அத்தனையையும் கிரவல் போட்டு உயர்த்த எத்தனை டிப்பர் லோட் வேண்டும் என்று அண்ணன் கணக்குப் போட்டாரா?

அறிவித்தல் வந்தாலும் அது நிலைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சுனாமிக்குப் பிறகு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்றார்கள், கொஞ்ச நாளில் தளர்த்தினார்கள். கடன் வாங்காதவர் அப்படியான மாற்றத்தைப் பொறுத்திருந்து பார்க்கலாம். உங்களுக்கு ஒவ்வொரு மாதமும் 22,500 போகிறது. (தவணை முறையில் 'எதிர்கால நகர' ப்ளொக் விற்பவர்களின் துண்டுப் பிரசுரங்களுக்கும் இதே பதில்தான். படத்தில் இருக்கும் மரங்களையும் நடைபாதையையும் யாரும் காணி உறுதிப் பத்திரத்தில் எழுதித் தருவதில்லை.)

சரி, இனி என்ன செய்வது? யாராவது காணியை 18 லட்சத்துக்குக் கேட்டால்கூட விற்றுவிடுங்கள். அண்ணன் 'நட்டம்' என்பார். நட்டம் 3 வருடங்களுக்கு முன்பே வந்துவிட்டது. நகை முழுதும் வீட்டுக்கு வரும், வட்டியும் நிற்கும். ஆள் வராவிட்டால், கணவர் அனுப்புவதில் மாதம் 75,000 ஒதுக்க முடியும் என்றிருக்கிறீர்கள், அதை ஒதுக்குங்கள். வட்டி போக முதல் மாதம் 52,500 கடன் தொகையில் கழியும், கடன் குறையக் குறைய அது கூடும். இரண்டரை வருடத்துக்குள் அடகு முடிந்துவிடும், கல்யாணத்துக்கும் சற்று அவகாசம் இருக்கும். பகுதி பகுதியாகப் பணம் கட்ட வங்கி விடுமா என்று முதலில் கேளுங்கள். விடாவிட்டால் சிறிய ரசீதிலிருந்து ஒவ்வொன்றாக மீளுங்கள்.

அண்ணனிடம் சண்டை வேண்டாம். பக்கத்துத் துண்டுக்கு கமநல சேவை நிலையத்தின் கடிதமும், மாநகர சபையின் வீதிக்கோட்டுச் சான்றிதழும் (வீதிக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று காட்டுவது) கொண்டு வரட்டும், பிறகு பேசலாம் என்று சொல்லுங்கள். இரண்டும் கையில் வரும்வரை அட்வான்ஸ் என்று ஒரு சதமும் கொடுக்காதீர்கள். மகளின் நகைப்பெட்டிச் சாவி மகளிடமே இருக்கட்டும்.