பிள்ளை படிக்கும் கல்லூரியும் பெற்றோரின் கௌரவமும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியும், கணக்கின் மீதுள்ள விருப்பத்தால் தானே கேட்டு, கும்பகோணம் அரசு மகளிர் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தாள். என் ஓரகத்தியின் மகள் சென்னைக்கு அருகே ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறாள். சென்ற மாதம் ஒரு காதுகுத்தில் உறவினர் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் "பொண்ணு எங்கே படிக்குது?" என்று கேட்டார். "கட்-ஆஃப் கொஞ்சம் குறைஞ்சு போச்சு, அதான் இங்கேயே சேர்த்துட்டோம்" என்று சொல்லிவிட்டேன். மகள் பக்கத்தில்தான் நின்றாள். அதன் பிறகு எந்த விசேஷத்துக்கும் வர மறுக்கிறாள். என் கணவரோ, இரண்டு மா நிலத்தை ஒத்திக்கு வைத்தாவது அடுத்த ஆண்டு பெயருள்ள கல்லூரியில் மேனேஜ்மென்ட் சீட் வாங்கிவிடலாம் என்கிறார். நாங்கள் என்ன செய்வது?
- ஒரு தாய், திருவிடைமருதூர் வட்டம்

பதில்: நிலத்தில் கை வைக்க வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒத்திக்குப் போன நிலத்தின் விளைச்சல், கடனை அடைத்து மீட்கும் வரை, பணம் கொடுத்தவரையே சேரும் என்பது உங்கள் கணவருக்குத் தெரியாததல்ல. ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்தால் குறுவைக்கு நாற்றங்கால், உழவு, உரம் என்று செலவு வந்து நிற்கும் அதே வாரங்களில்தான் கல்லூரிக் கட்டணமும் வந்து நிற்கிறது. விருப்பப்பட்டுச் சேர்ந்த படிப்பிலிருந்து அவளைப் பிடுங்கி, ஓராண்டை வீணாக்கி, விளைச்சலையும் இழந்து நீங்கள் வாங்கப்போவது, அடுத்த விசேஷத்தில் தலைநிமிர்ந்து சொல்ல ஒரு கல்லூரிப் பெயர். அதற்கு இரண்டு மா மிக அதிக விலை.

அவளுக்கே பொறியியலில் ஆசை வந்தால், அப்போதும் வழி அடைபடவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகள் கலந்தாய்வு வழியாகவே பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம், எம்.சி.ஏ. படிக்கலாம். கணிதத்திலேயே தொடர விரும்பினால் ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான 'ஜாம்' தேர்வு இருக்கிறது. அந்தத் தேர்வில் மதிப்பெண்தான் பேசும். பட்டம் எந்தக் கல்லூரியில் படித்தது என்பதற்கு அங்கே மதிப்பெண் கிடையாது. மூன்று ஆண்டுகள் கழித்து அவள் எழுதப்போகும் தேர்வுகளுக்கு இப்போதே பாடப்புத்தகங்களும் பழைய வினாத்தாள்களும் வாங்கிக் கொடுங்கள். நிலத்தை அடகு வைக்காமல் செய்யக்கூடிய செலவு அது.

உறவினர்கள் மதிக்கும் பெயருக்கும் கிடைக்கும் பட்டத்துக்கும் உள்ள தூரத்தையும் பாருங்கள். கும்பகோணம் அரசுக் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கும், திருச்சியின் பெயர்பெற்ற பழைய கல்லூரியான செயின்ட் ஜோசப்பில் படிப்பவர்களுக்கும் பட்டம் வழங்குவது 1982இல் தொடங்கப்பட்ட அதே பாரதிதாசன் பல்கலைக்கழகம்தான். கற்பித்தலில் வேறுபாடு இல்லை என்று நான் சொல்லவில்லை. துறைக்குத் துறை, ஆசிரியருக்கு ஆசிரியர் வேறுபாடு நிறையவே உண்டு. ஆனால் காதுகுத்து வீட்டில் கேள்வி கேட்டவர் அந்த வேறுபாட்டை விசாரிக்கவில்லை. எவ்வளவு செலவு செய்தீர்கள் என்பதைத்தான் அவர் சுற்றிவளைத்துக் கேட்டார். அரசுக் கல்லூரி என்றதும் முகம் மாறுவதற்குப் பெரும்பாலும் அங்கே கட்டணம் குறைவு என்பதைத் தவிர வேறு காரணம் இருப்பதில்லை.

இதே கும்பகோணத்தில், காவிரிக் கரையில் உள்ள அரசுக் கல்லூரியைத் தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று கொண்டாடிய காலம் இருந்தது. அங்கே பிள்ளைக்கு இடம் கிடைப்பதே குடும்பத்துக்குப் பெருமை. அந்தப் பெருமை உச்சத்தில் இருந்தபோதுதான், 1904இல், சீனிவாச ராமானுஜன் உதவித்தொகையுடன் அங்கே சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் தேறாததால் உதவித்தொகையை இழந்து வெளியேறினார். கல்லூரியின் புகழுக்கு அவர் பெயரைச் சொல்கிறவர்கள் இந்தப் பகுதியைச் சொல்வதில்லை. ஊரே மெச்சிய ஒரு கல்லூரியால் அவரை வைத்துக்கொள்ள முடியவில்லை. அவருடைய கணக்கு அதனால் நின்றும் போகவில்லை.

இனி உங்கள் மகள். அவளுக்கு வலித்தது உறவினரின் கேள்வியல்ல. அவள் அதை எதிர்பார்த்துத்தான் வந்திருப்பாள். தானே தேர்ந்தெடுத்த ஒன்றை, தோற்றுப்போய் ஒதுங்கிய இடம் என்று அம்மாவே நாலு பேர் முன்னால் சொன்னதுதான் வலித்திருக்கிறது. அதுவும் உண்மையல்லாத ஒன்றை. தனியாக உட்கார்ந்து, "அன்னிக்கு நான் சொன்னது தப்பும்மா" என்று ஒரு முறை சொல்லுங்கள். விளக்கமோ, அந்த நேரத்து நெருக்கடியோ, ஓரகத்தியின் பேச்சோ அதில் வர வேண்டாம். அவளை உடனே விசேஷங்களுக்கு இழுத்துப் போகவும் வேண்டாம். அடுத்த முறை அதே உறவினர் கேட்கும்போது, அவள் பக்கத்தில் இல்லாவிட்டாலும், "கும்பகோணத்துல கணக்கு படிக்குது, அதுவே விரும்பிச் சேர்ந்துச்சு" என்று மட்டும் சொல்லுங்கள். உறவு வட்டத்தில் எந்தச் சொல்லும் பிள்ளைகளின் காதுக்குப் போய்ச் சேராமல் இருப்பதில்லை. இதுவும் போய்ச் சேரும்.

கேள்வி: பையன் இந்த ஆண்டு பிளஸ் டூ. நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்த்தால்தான் மதிப்பு என்கிறார் என் மைத்துனர். கவுன்சிலிங்கில் கிடைக்கும் கல்லூரிகளை எப்படி எடைபோடுவது?
- ஒரு தந்தை, மன்னார்குடி

பதில்: கல்லூரியின் பெயரை விட்டுத் துறையைப் பாருங்கள். 'நாக்' எனப்படும் தேசிய மதிப்பீட்டுக் குழுவின் தரம் கல்லூரி முழுமைக்கும் தரப்படுவது, என்.பி.ஏ. எனப்படும் தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனியாகத் தரப்படுவது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது முதலாவது. நீங்கள் கேட்க வேண்டியது இரண்டாவது. அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தைப் பருவத்தேர்வுதோறும் வெளியிடுகிறது. முந்தைய ஆண்டு எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்தக் கட்-ஆஃப் வரை போனது என்பதும் கிடைக்கும். 200க்குக் கணக்கிடப்படும் அந்த எண்ணில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தாமே தேர்வு நடத்தித் தாமே பட்டம் தருவதால், அவற்றின் தேர்ச்சி விகிதத்தை இந்தப் பட்டியலோடு ஒப்பிட வழியில்லை. அவற்றில் மிக நல்லவை உண்டு. ஆனால் மைத்துனர் சொல்வதுபோல் அந்தப் பெயரே தரத்துக்குச் சான்றாகாது. வேலைவாய்ப்பு எண்ணிக்கையைக் காட்டினால், எத்தனை பேர் படித்ததில் எத்தனை பேர், எந்தப் பிரிவில், என்ன சம்பளத்துக்கு என்று கேளுங்கள். முடிந்தால் ஒரு நாள் நேரில் போய், வாசலில் நிற்கும் மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் ஆய்வுக்கூடம் திறந்திருக்கிறதா, ஆசிரியர்கள் பாதியில் மாறுகிறார்களா என்று விசாரியுங்கள். மைத்துனருக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியும்.

கேள்வி: என் மகன் திருச்சி என்.ஐ.டி.யில் படிக்கிறான். அதைப் பற்றிப் பேசினாலே உறவினர்கள் பேச்சை மாற்றுகிறார்கள். என் தம்பி மகன் நாகப்பட்டினத்தில் ஏதோ மீன் படிப்பு படிக்கிறான். நான் அதை விசாரித்ததில்லை. தம்பி இப்போது சரியாகப் பேசுவதுகூட இல்லை. மகனின் வெற்றியில் மகிழ்வது குற்றமா?
- ஒரு வாசகர், திருவாரூர்

பதில்: குற்றமில்லை. கடினமான தேர்வை வென்று அங்கே போன பிள்ளையைப் பற்றிப் பெற்றவர் மகிழாமல் யார் மகிழ்வது? ஆனால் 'ஏதோ மீன் படிப்பு' என்று நீங்கள் எழுதியது, 2012இல் நாகப்பட்டினத்தில் தொடங்கப்பட்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் நான்காண்டுத் தொழிற்படிப்பாக இருக்கக்கூடும். மீன் வளர்ப்பு, நோய்கள், பதப்படுத்தல், கடல்வளம் எல்லாம் அதில் உண்டு. வேதாரண்யத்திலிருந்து பழையாறு வரை கடலையும் இறால் பண்ணையையும் நம்பி வாழும் நம் கரையோரத்துக்கு இதைவிட நெருக்கமான படிப்பு குறைவு. மீன்வளத் துறைப் பணிகளுக்கும், வங்கிகளின் வேளாண் அதிகாரி பணிக்கும் அந்தப் பட்டதாரிகள் விண்ணப்பிக்கலாம். தம்பி பேச்சைக் குறைத்ததற்குக் காரணம் உங்கள் மகனின் கல்லூரி அல்ல என்று நினைக்கிறேன். தம்பி மகனின் படிப்பை ஒரு முறைகூட விசாரித்ததில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவனையே கூப்பிட்டு, இந்தப் பருவத்தில் என்ன பாடம், எந்தப் பண்ணைக்குப் பயிற்சிக்குப் போனான் என்று கேளுங்கள்.