நிஷாகந்தி மொட்டு விடாததற்கு உரம்தான் காரணமா?

யூரியாவை இன்றே நிறுத்திவிடுங்கள். 3 ஆண்டுகளாக வாரந்தோறும் யூரியாக் கரைசல் ஊற்றியும் உங்கள் நிஷாகந்தி ஒரு மொட்டுகூட விடாததற்கு, பெரும்பாலும் அதிலுள்ள தழைச்சத்தே (நைட்ரஜன்) காரணமாக இருக்கும்.

பிரம்ம கமலம் என்று நாம் அழைத்தாலும், இது மெக்சிகோ, மத்திய அமெரிக்கக் காடுகளில் மரக்கிளைகளைத் தொற்றி வளரும் கள்ளி. கிளை இடுக்கில் சேரும் சருகு மட்கே அதற்கு அங்கு உணவு. தழைச்சத்து மிகுந்தால், இலைபோல் தோன்றும் தட்டையான தண்டுகள் சாட்டையாக நீளுமே தவிர, பூக்காது.

தொட்டி விளிம்பிலும் மண்ணின் மேற்பரப்பிலும் வெள்ளை உப்புப் படிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அடித்துளை வழியே வடியும்படி வெறும் நீரை 2, 3 முறை ஊற்றிக் கழுவிவிட்டு, ஒரு மாதம் எந்த உரமும் இடாதீர்கள்.

அதன்பின், துளிர்க்கும் மார்ச், ஏப்ரலில் ஒரு பிடி மண்புழு உரமே போதும். மே முதல் பூக்கும் பருவம் முடியும்வரை, தழைச்சத்து இல்லாமல் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) உள்ள 0:52:34 உரத்தை லிட்டருக்கு 1 கிராம் கரைத்து, 15 நாளுக்கொருமுறை, ஏற்கெனவே ஈரமாயுள்ள மண்ணில் ஊற்றலாம். டிசம்பர், ஜனவரியில் உரம் வேண்டாம், நீரையும் குறையுங்கள்.

ஆனால் செடி இருண்ட மூலையில் இருந்தால், உரத்தை எப்படி மாற்றினாலும் பயனிராது. இளங்காலை வெயில் படும் இடத்துக்கு முதலில் அதை நகர்த்துங்கள்.