மரத்துல செஞ்ச கார் எல்லாம் எங்க போச்சு?

கேள்வி: பழைய அமெரிக்க ஸ்டேஷன் வேகன்ல (பின்னாடி சாமான் ஏத்த நீளமா இடம் இருக்குற கார்) பாடியே மரத்துல இருக்குமாமே, நிஜமாவா? இப்போ ஏன் கண்ணுலயே படமாட்டேங்குது?

பதில்: நிஜம்தாங்க. ரயில்வே ஸ்டேஷன்ல இறங்குற ஆளையும் பெட்டி படுக்கையையும் ஏத்திட்டுப் போன வண்டிங்கறதாலதான் அந்தப் பேரே வந்துச்சு. ஃபோர்டு 1929ல மாடல் ஏ வேகனை விட்டப்போ, மிச்சிகன்ல அயர்ன் மவுன்டன் பக்கம் சொந்தமா காடும் மர ஆலையும் வச்சிருந்தாங்க, மிஞ்சின துண்டு மரத்தைக்கூட விடாம அடுப்புக்கரியாக்கி வித்தாங்கன்னா பாத்துக்கோங்க!

பாடிக்கு மேப்பிள் மரச்சட்டம், நடுவுல பலகை, மேல வார்னிஷ். வருஷா வருஷம் வார்னிஷ் அடிக்கலைனா ஜாயின்ட்ல தண்ணி இறங்கி, கதவைச் சாத்துறப்போ லொடலொடன்னு ஆடி, கடைசில உளுத்துப் போயிரும், அதான் நிறைய வண்டி தப்பிக்கல. இரண்டாம் உலகப் போருக்கப்புறம் முழு ஸ்டீல் வேகன் வந்ததும் இதை யாரும் சீண்டல, கலிஃபோர்னியால அலைச்சறுக்கு பசங்கதான் பலகை ஏத்த சல்லிசா வாங்கிட்டுப் போனாங்க. அமெரிக்கால கடைசியா நிஜ மரத்தோட வந்தது 1953 ப்யூக் எஸ்டேட் வேகன், அதுல ரோட்மாஸ்டர்ங்கற மாடல் வெறும் 670 வண்டிதான்.

இங்கிலாந்துல மட்டும் மோரிஸ் மைனர் டிராவலர்ங்கற மரச்சட்ட வண்டி 1971 வரைக்கும் வந்துச்சு. அதுல பின்பக்க மரச்சட்டம் அழகுக்கு இல்ல, பாடியவே அதுதான் தாங்குது, உளுத்துருந்தா, வண்டி ரோட்டுல ஓடத் தகுதியான்னு பாக்குற டெஸ்ட்லயே அப்பல்லாம் ஃபெயில் ஆக்கிருவாங்க!