குழாய்களை மூடியிருந்தும் படகின் நன்னீர் பம்ப் தானாக ஓடுகிறது

அழுத்தம் இறங்கினால் பம்பை ஓடவைக்கும் சுவிட்சை மாற்ற வேண்டாம், அது தன் வேலையைத்தான் செய்கிறது. எல்லாக் குழாயையும் மூடிய பிறகும் அரைமணிக்கு ஒருமுறை இரண்டு நொடி ஓடுகிறது என்றால், லைனில் அழுத்தம் எங்கோ இறங்குகிறது. தண்ணீர் வெளியே கசியலாம், அல்லது பம்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வு வழியாகத் தொட்டிக்கே திரும்பலாம். பில்ஜ் (படகின் அடித்தளக் குழி) காய்ந்திருப்பதாகச் சொல்கிறீர்களே, அதனால் எனக்கு இரண்டாவதில்தான் சந்தேகம். அந்த வால்வில் சின்ன பிளாஸ்டிக் துணுக்கு சிக்கினாலே போதும், அது சரியாக மூடாது.

1. பம்ப் வெளியேற்றும் பக்கத்தில், பம்பை ஒட்டியே ஒரு வால்வு இருந்தால் மூடுங்கள். (இல்லையென்றால் ஒன்று போட்டுவிடுங்கள், பின்னாலும் உதவும்.)
2. அப்படியும் ஓடினால் கோளாறு பம்பில். தலைப்பகுதியைக் கழற்றி உள்ளே இருக்கும் ஒருவழி வால்வைக் கழுவுங்கள், வடிகட்டியையும் பாருங்கள்.
3. ஓடவில்லையென்றால் கசிவு அதற்கு அப்பால். இணைப்புகளைக் காகிதத்தால் துடைத்துப் பாருங்கள்.

வெந்நீர்த் தொட்டியின் அழுத்த நிவாரண வால்வை மறக்காதீர்கள். சூடேறும்போது அது சொட்டுவது சகஜம், ஆறிய பிறகும் சொட்டினால்தான் பழுது.

அதுவரை படகை விட்டு இறங்கும்போது பம்பை அணைத்துவிடுங்கள். ஒரு இணைப்பு கழன்றால் தொட்டித் தண்ணீர் முழுக்க பில்ஜுக்குப் போய்விடும்.