அக்கி ஆறிய பிறகும் வலி நீடித்தால் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டுமா?

"அப்பாவுக்கு 68 வயது. அக்கிக் கொப்புளங்கள் ஆறி 4 மாதங்களாகியும் விலாவில் எரிச்சலும் குத்தலும் குறையவில்லை. வயதானால் தாங்கித்தான் ஆக வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தாங்க வேண்டியதில்லை. அதற்கென்றே தனிச் சிகிச்சை உண்டு. அதைத் தேடிப் போகாமல் நாங்கள் 5 மாதங்களை இழந்ததால் உறுதியாகச் சொல்கிறேன்.

கடலூர் முதுநகரில் குடியிருந்தபோது, 71 வயதில், அம்மாவுக்கு முதுகிலிருந்து மார்புக்குக் கீழ்வரை பட்டையாக அக்கி வந்தது. ஊர் வழக்கப்படி குயவர் வீட்டுக்கு அழைத்துச் சென்று, மூன்று நாள் கொப்புளங்களின் மேல் காவியால் எழுதவைத்தோம். அந்த வழக்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்தப் பெரியவர் காசுகூட வாங்கவில்லை. ஆனால், கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்குவதே நல்லது என்பதை அறியாமல் அதே மூன்று நாள்களைக் கழித்துவிட்டோமே என்ற வருத்தம் இன்றும் இருக்கிறது. (கண்ணைச் சுற்றி அக்கி வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.)

புண் ஆறியது, வலி ஆறவில்லை. ரவிக்கை உரசினாலே நெருப்புப் பட்டதுபோல் துடிப்பார். மின்விசிறிக் காற்றுகூட ஆகாமல், ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தே பல இரவுகளைக் கழித்தார். அருகிலிருந்த மருத்துவர், இந்த வயதில் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதை விழுங்கி விழுங்கி வயிறு புண்ணானதுதான் மிச்சம்.

முன்பு வந்த சின்னம்மையின் வைரஸ், நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டுகள் உறங்கிக் கிடந்து, எதிர்ப்பாற்றல் தளரும்போது ஒரு நரம்பின் வழியே வெளிவருவதே அக்கி என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டோம். அது நரம்பைச் சிதைத்துவிட்டால், தோல் ஆறினாலும் அந்த நரம்பு ஓயாமல் வலியை உணர்த்திக்கொண்டே இருக்கும். மூட்டு வீக்கத்துக்குத் தரும் டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளுக்கு இந்த வலி பெரும்பாலும் கேட்பதில்லை. நெடுநாள் உட்கொண்டால் இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு.

கடைசியில் சித்தி வற்புறுத்தியதால் புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். துணி உரசினால் எப்படி இருக்கிறது, இரவில் எத்தனை முறை விழிக்கிறீர்கள் என்றெல்லாம் பொறுமையாகக் கேட்ட மருத்துவர், வலியே இல்லை என்பது 0, தாங்கவே முடியாது என்பது 10 என்றால் உங்கள் வலி எவ்வளவு என்றார். அம்மா தயங்காமல் "ஒன்பது" என்றார். அதுவரை நாங்கள் கேட்கும்போதெல்லாம் "பரவாயில்லப்பா" என்றே சொல்லிவந்தவர் அவர். வலியை எங்களிடமிருந்து மறைத்தார் என்பதைவிட, ஒழுங்காகக் கேட்க எங்களுக்குத் தெரியவில்லை என்பதே உண்மை.

நரம்பு வலியைத் தணிக்கும் மாத்திரைகளான இரண்டில், இரவில் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் கொடுத்து, பிறகு பிரிகாபலினையும் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டினார்கள். முதல் வாரம் தலைசுற்றல் இருந்ததால், இரவில் கழிப்பறைக்குச் செல்லும்போது ஒருவர் கூடவே சென்றோம். ஆறாவது வாரத்தில் ஒன்பது மூன்றாகியிருந்தது. வலி முற்றிலும் போகவில்லை, ஆனால் அம்மா படுத்து உறங்கினார்.

உங்கள் அப்பாவுக்குப் புராஸ்டேட் வீக்கமோ இதய நோயோ இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள், ஏனெனில் அமிட்ரிப்டிலின் அவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம்; பிரிகாபலினின் அளவோ சிறுநீரகத்தின் நிலையைப் பொறுத்தது. இம்மருந்துகளை நீங்களாகக் கடையில் வாங்கித் தராதீர்கள், திடீரென்று நிறுத்தவும் கூடாது. இவற்றுக்கும் கட்டுப்படாவிட்டால் தோலில் ஒட்டும் லிடோகெய்ன் பட்டையும், மயக்கவியல் மருத்துவர்கள் போடும் நரம்பு ஊசியும் இருக்கின்றன. மருத்துவரிடம் போகும்வரை தினமும் காலையிலும் படுக்கும் முன்பும் அப்பாவிடம் வலியின் எண்ணைக் கேட்டு ஒரு தாளில் குறித்துவைத்து, இதுவரை சாப்பிட்ட மாத்திரை அட்டைகளோடு அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.