உப்புக் காற்றில் ஒரு படுதா: காட்சி ஓவியம் குறித்து வாசகர் கேள்விகள்

கேள்வி: கோயில் திருவிழா நாடகத்துக்காக 20 அடிக்கு 12 அடியில் காடாத்துணியில் கடற்கரைக் காட்சி எழுதினோம். இரண்டே மாதத்தில் நீலத்தின் மேல் வெள்ளை பூத்துவிட்டது. சுருட்டிப் பிரித்த இடமெல்லாம் வெடிப்பு. பெயிண்ட் மட்டமானதா?
– வாசகர், தேவிபட்டினம்

பதில்: முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். நம் கரையோரத்தில் பல கிணறுகளும் போர்வெல்களும் உவர்ப்பு. அந்தத் தண்ணீரில் பசை கலக்கினால் உப்பு துணிக்குள்ளேயே தங்கிவிடும். இரவில் ஈரத்தை இழுக்கும், பகல் வெயிலில் காய்ந்து மேலே பூக்கும். ஒரு கண்ணாடித் துண்டில் உங்கள் தண்ணீரை நாலு சொட்டு விட்டுக் காய வையுங்கள். வெள்ளை வளையம் தடிப்பாக விழுந்தால் அந்தத் தண்ணீர் ஆகாது. குடிநீர் கேன் வாங்கிவிடுங்கள். உங்கள் அளவுத் துணிக்குப் பசைப்பூச்சுக்கு (வண்ணத்துக்கு முன் துணியில் பூசும் பசைநீர்) சுமார் 10 லிட்டர்தான் செலவாகும், இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

வெடிப்புக்குக் காரணம் வேறு: பசை கூடிப்போனது, பெயிண்ட் தடித்துப்போனது. ஒரு பங்கு ஃபெவிக்காலுக்கு எட்டுப் பங்கு தண்ணீர் போதும். துணியைச் சட்டத்தில் அடிக்கும்போது மேல்விளிம்பின் நடுவில் தொடங்கி இரு பக்கமும் போங்கள். நனைந்தால் காடா சுருங்கும் என்பதால் நான்கு பக்கமும் கூடுதல் துணி விட்டு வெட்டுங்கள், முறுக்கி இழுக்காமல் அடியுங்கள். பசை காய்ந்த பின் வெள்ளை எமல்ஷனைச் சம அளவு தண்ணீரில் கரைத்து ஒரே ஒரு மெல்லிய பூச்சு. அதன்மேல் எழுதும் வண்ணமும் நீர்க்க இருக்கட்டும். துணியின் இழை கண்ணுக்குத் தெரிய வேண்டும். இழை மறைந்துவிட்டால் பெயிண்ட் அதிகம், அது வெடிக்கும்.

மடிக்கவே கூடாது. 6 அங்குல பி.வி.சி. குழாயில், எழுதிய பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டுங்கள். இப்போது பூத்திருக்கும் உப்பை மென்மையான உலர்ந்த துடைப்பத்தால் தட்டுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் உப்பு கரைந்து உள்ளே போய் மறுபடி வெளியே வரும்.

கேள்வி: பகலில் எங்கள் படுதாவில் எழுதிய கடல் அழகாக இருக்கிறது. இரவில் ஹாலஜன் போட்டதும் சாம்பலாகிவிடுகிறது. தொடுவானத்தை எந்த உயரத்தில் வைப்பது?
– வாசகி, மண்டபம்

பதில்: ஹாலஜன் வெளிச்சத்தில் மஞ்சளும் சிவப்பும் மிகுதி, நீலம் குறைவு. துணியில் உள்ள நீலத்துக்குத் திருப்பி அனுப்ப வெளிச்சமே கிடைப்பதில்லை, அதனால் செத்துப்போகிறது. நீலத்தை இன்னும் கொட்டினால் கறுக்கும். கொஞ்சம் பச்சை சேர்த்தால்தான் உயிர் வரும். ஒரு லிட்டர் வெள்ளை எமல்ஷனில் பாஸ்ட் ப்ளூ ஸ்டெய்னர் (பெயிண்டில் கலக்கும் நிறச்சாறு) 20 மி.லி., பாஸ்ட் கிரீன் 5 மி.லி. என்று தொடங்கிப் பாருங்கள். பிறகு பச்சையை மட்டும் 5 மி.லி. வீதம் கூட்டி நாலு மாதிரிகள் செய்யுங்கள்.

மாதிரி செய்வதில்தான் இந்தத் தொழிலின் பாதி இருக்கிறது. அதே காடாத்துணியில், அதே பசைப்பூச்சின் மேல், 2 அடிச் சதுரத் துண்டுகளாக எழுதுங்கள். கலவையின் அளவைத் துண்டின் பின்னால் எழுதிவையுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகு, நாடகத்தன்று எரியப்போகும் அதே விளக்கின் கீழ், கடைசி வரிசை இருக்கும் தூரத்திலிருந்து பாருங்கள். ஈரத்தில் முடிவு செய்யாதீர்கள். எமல்ஷன் காய்ந்தால் ஒரு சாயல் கருமை கூடும். வஜ்ரமும் (தோல், எலும்பிலிருந்து காய்ச்சும் பசை) சாக்பீஸ் தூளும் கலந்த பழைய முறை வண்ணமோ காய்ந்ததும் நன்றாக வெளுத்துவிடும். இரண்டையும் ஒரே படுதாவில் கலந்தால் கணக்கு தப்பும்.

எந்தக் கடலை எழுதுகிறீர்கள் என்பதையும் முடிவு செய்யுங்கள். பாக் நீரிணைப் பக்கத்துப் பெண்கடல் ஆழமற்றது. கரையோரம் பச்சையும் மணல்நிறமும் கலந்து கிடக்கும், அலை சிறிது. மன்னார் வளைகுடாப் பக்கத்து ஆண்கடலுக்கு நீலம் ஏறும், நுரை வேண்டும். உங்களூரில் இரண்டும் நடந்துபோகும் தூரம். காலை ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் ஒரு வெள்ளைத் தாளும் உள்ளே விழும்படி வைத்துக் கடலைப் படம் எடுங்கள். தாள் படத்தில் மஞ்சளாகத் தெரிந்தால் கடலின் நிறத்தையும் நம்பாதீர்கள்.

தொடுவானம் பார்ப்பவரின் கண்மட்டத்தில் இருக்கும். தரையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது மேடைப் பலகைக்கும் கீழே போய்விடும், அப்படி எழுத முடியாது. அதனால் மேடையிலிருந்து இரண்டரை, மூன்று அடிக்குள், நடிகரின் இடுப்புக்குக் கீழே வையுங்கள். தலைக்கு மேல் வைத்தால் ராஜா கடலுக்குள் நிற்பதுபோல் தெரியும். படப்பிடிப்பு என்றால் கேமரா லென்ஸின் உயரம்தான் தொடுவானம்.

கேள்வி: குறும்படத்துக்குத் தனுஷ்கோடியில் உள்ளதுபோல் ஒரு பழைய பவளக்கல் சுவர் வேண்டும், 8 அடிக்கு 6 அடி. நடிகர் அதில் சாய்ந்து பேசுகிறார், நெருக்கமான ஷாட்.
– வாசகர், கீழக்கரை

பதில்: கரையில் ஒதுங்கியதாக இருந்தாலும் உண்மையான பவளக்கல்லை எடுக்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அது பாதுகாக்கப்பட்டது. 1964 டிசம்பர் புயலுக்குப் பின் எஞ்சிய சுவர்களையும் சுரண்ட வேண்டாம். பக்கத்தில் ஓர் அடிக்கோல் வைத்துப் படம் எடுத்துவந்தாலே போதும். படத்தில் மூன்றைக் கவனியுங்கள்: குழிகள் எவ்வளவு பெரியவை, கல்லைவிடச் சுண்ணாம்புச் சாந்து எவ்வளவு வெளிறியிருக்கிறது, மேலிருந்து இறங்கும் கறுப்பு ஊறல் எங்கே தொடங்குகிறது.

2 அங்குலத் தெர்மாகோலை ஒட்டுப்பலகையில் ஃபெவிக்காலால் ஒட்டி, ஒருநாள் விட்டு, கற்களின் இணைப்புகளைக் கத்தியால் வகுந்துகொள்ளுங்கள். தின்னர் தெர்மாகோலைக் கரைக்கும். செட் வேலையில் எல்லோரும் பயப்படும் இந்தக் குணம் இங்கே நமக்கு உதவுகிறது. பழைய பிரஷைத் தின்னரில் தொட்டு, உதறிவிட்டு, துளித்துளியாகத் தெளியுங்கள். ஒவ்வொரு துளியும் ஒரு குழியை அரிக்கும். ஒரு கல்லில் நெருக்கமாக, அடுத்ததில் அரிதாகத் தெளித்தால்தான் இயல்பாக இருக்கும். அதிகம் விழுந்தால் பள்ளமாகிவிடும், எனவே முதலில் ஒரு துண்டில் பழகுங்கள். இதைத் திறந்தவெளியில், காற்று முதுகிலிருந்து வரும்படி நின்று, ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் (தின்னர் ஆவியை வடிகட்டும் குப்பி) பொருத்திய மாஸ்க் போட்டுச் செய்யுங்கள். துணி மாஸ்க் பயன்படாது. பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் கூடாது.

தின்னர் முழுக்க ஆவியான பிறகு ஃபெவிக்காலும் தண்ணீரும் சம அளவு கலந்து, சலித்த ஆற்றுமணல் அல்லது எம்-சாண்ட் தூவிப் பூசுங்கள். கடல்மணலில் உப்பு இருக்கிறது, வேண்டாம். சாய்பவரின் எடையைத் தாங்க, பின்னால் மரச்சட்டம் அடியுங்கள். தெர்மாகோல் தாங்காது.

வண்ணத்தில் வரிசை முக்கியம். அடிநிறம் பளீர் வெள்ளையாக இருந்தால் கேமராவில் சுவர் விவரமே தெரியாமல் வெளுத்துப்போகும், முகம் இருண்டுவிடும். ஒரு லிட்டர் வெள்ளையில் யெல்லோ ஆக்ஸைடு 10 மி.லி., கறுப்பு 5 மி.லி. சேர்த்து மங்கவையுங்கள். காய்ந்ததும் பர்ன்ட் சியன்னாவும் (செம்பழுப்பு) கறுப்பும் கலந்த பெயிண்ட் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் விட்டுக் கழுவல்நீர் ஆக்கி, சுவர் முழுக்க ஓடவிட்டு, உடனே ஈர ஸ்பாஞ்சால் மேட்டை மட்டும் துடையுங்கள். குழிக்குள் அழுக்கு நிற்கும். அது காய்ந்த பிறகு, பிரஷில் வெளிர்நிறத்தைத் தொட்டு, பெரும்பகுதியைக் காகிதத்தில் துடைத்துவிட்டு, மேட்டின் மேல் உரசுங்கள். இந்த இரண்டையும் முன்பின்னாக மாற்றினால் உரசல் கழுவலில் மூழ்கிவிடும். சாந்துக் கோடுகளை வெளிறியதாக எழுதுங்கள். கடைசியில் மேல்விளிம்பில் கறுப்புநீர் தடவி, ஸ்பிரேயரால் தண்ணீர் அடித்து, ஊறலைத் தானாக வழியவிடுங்கள். பிரஷால் இழுத்த கோடு நெருக்கமான ஷாட்டில் காட்டிக்கொடுத்துவிடும். எனாமல், வார்னிஷ் எதுவும் வேண்டாம், விளக்கு அதில் பளிச்சிடும்.

இதே சுவரை மேடைக்குச் செய்வதானால் மணலும் குழியும் 30 அடியில் தெரியாது. வெறும் துணியில் மூன்று சாயல், பெரிய ஸ்பாஞ்சு, தைரியமான நிழல் போதும்.

கேள்வி: படுதா தீப்பிடிக்காமல் இருக்க வெண்காரம் (போராக்ஸ்) கலக்கலாமா?
– வாசகர், தொண்டி

பதில்: பசைக்குள் கலக்காதீர்கள். வெண்காரம் பட்டால் ஃபெவிக்கால் கட்டிதட்டிக் கொழகொழவென்று ஆகிவிடும். படுதா எழுதி நன்றாகக் காய்ந்த பின், 10 லிட்டர் வெந்நீரில் 600 கிராம் வெண்காரம், 500 கிராம் போரிக் அமிலம் கரைத்து, ஆறவைத்துப் பின்பக்கம் மட்டும் நனையத் தெளியுங்கள். கையுறை போடுங்கள். கூடவே தெளித்த ஒரு துண்டைத் தனியே கொண்டுபோய்க் கொளுத்திப் பாருங்கள். தீக்குச்சியை எடுத்ததும் அணைந்துவிட வேண்டும். தொடர்ந்து எரிந்தால் மறுபடி தெளியுங்கள். படுதா மழையில் நனைந்தால் இந்தக் காப்பு கரைந்து போய்விடும், மீண்டும் செய்ய வேண்டும். இதைச் செய்திருந்தாலும் ஹாலஜனைத் துணியிலிருந்து தள்ளியே வையுங்கள்.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகையில் எழுதலாமா?
– வாசகி, பாம்பன்

பதில்: முடிந்தால் தவிருங்கள். வஜ்ரப் பசை அந்த ஈரத்தில் நாறும், பூஞ்சை பிடிக்கும். கட்டாயம் என்றால் ஃபெவிக்கால் மட்டும் பயன்படுத்தி, கூரைக்குள் மின்விசிறி வைத்து, ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு முழுநாள் விடுங்கள். புறங்கையைத் துணியில் வைத்துப் பாருங்கள். குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் காயவில்லை.