ஒஷிமாவின் படமும் துண்டுக் காட்சிகளும்

கேள்வி: ஜப்பானிய இயக்குநர் நாகிஸா ஒஷிமாவின் 'இன் தி ரெல்ம் ஆஃப் தி சென்சஸ்' படத்தின் சில காட்சிகளை இணையத்தில் பார்த்தேன். நடிகர்கள் நிஜமாகவே உறவுகொள்கிறார்கள். கலை என்று பெயர் வைத்தால் எதுவும் செல்லுமா? இதற்கும் நீலப்படத்துக்கும் என்ன வித்தியாசம்?
– வாசகர், மதுரை

பதில்: பெயர் வைத்தால் செல்லாது. ஆனால் நீங்கள் பார்த்தது படத்தை அல்ல. துண்டு துண்டாக வெட்டினால் இதுவும் நீலப்படமாகத்தான் தெரியும்.

முழுதாகப் பாருங்கள். நாயகி சதாவும் அவள் காதலன் கிச்சிஸோவும் கூடும்போது கெய்ஷாவோ (விருந்துகளில் ஆடிப்பாடும் பெண்) விடுதிப் பணிப்பெண்ணோ பெரும்பாலும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நீலப்படம் பார்ப்பவனைத் தன்னை மறக்க வைக்கும். ஒஷிமா அவனையும் அந்தச் சாட்சிகளோடு உட்கார வைக்கிறார். போகப்போக இருவருக்கும் அந்த அறையைத் தவிர உலகமே இல்லை. அறை நாறுகிறது என்று பணிப்பெண்கள் உள்ளே வரத் தயங்குகிறார்கள். கொஞ்சல் கழுத்தை நெரிக்கும் விளையாட்டாகிறது. இதில் கிளர்ச்சி எங்கே இருக்கிறது? கடைசிப் பகுதியில் கிச்சிஸோ தெருவில் நடக்கிறான். எதிரே ராணுவ அணிவகுப்பு, கொடியசைக்கும் கூட்டம். அவன் மட்டும் எதிர்த்திசையில் போகிறான். கதை நடக்கும் ஆண்டு 1936, மறு ஆண்டே சீனாவோடு முழுப் போர். இந்தச் சில நொடிகள் இணையத் துண்டுகளில் இருக்காது, படமோ இங்கேதான் இருக்கிறது.

கதை கற்பனையல்ல. அபே சதா தன் காதலனை நெரித்துக் கொன்று உறுப்பை அறுத்தது 1936 மே 18, டோக்கியோவில்.

படம் உருவான விதத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ஜப்பான் குற்றவியல் சட்டத்தின் 175ஆவது பிரிவு ஆபாசப் பொருளைப் பரப்புவதைத் தண்டிக்கிறது. அதனால் தயாரிப்பாளர் பிரான்சின் அனத்தோல் தோமான். கச்சா ஃபிலிம் பிரான்சிலிருந்து வந்தது. கியோட்டோவில் எடுத்த சுருள்கள் டெவலப் செய்யப்படாமலே பிரான்சுக்குத் திரும்பிப் போயின. 1976இல் வெளியான படம், ஜப்பானுக்கு இறக்குமதியாக, உறுப்புகள் மறைக்கப்பட்டு வந்தது. மறைத்த இடத்திலேயே கண் போய் நிற்கும். அந்தப் பிரதியைத் தவிர்த்துவிடுங்கள். வழக்கு, திரைக்கதையும் படங்களும் அடங்கிய புத்தகத்தின் மீது வந்தது. மறைக்கப்படுவதுதான் ஆபாசமாகிறது என்று ஒஷிமா வாதிட்டார். 1979இல் விடுதலை; 1982இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

கோபப்பட ஒன்று வேண்டுமென்றால், இருக்கிறது. நாயகன் தத்சுயா ஃபூஜி நடிப்பைத் தொடர்ந்தார். 2023இல் சான் செபாஸ்டியன் விழாவில் சிறந்த நடிப்புக்கான விருதைப் பகிர்ந்துகொண்டார். அதே காட்சிகளில் நடித்த எய்கோ மாட்சுடா தன் நாட்டில் ஏச்சும் பேச்சும் கேட்டு, வாய்ப்புகள் வற்றி, ஐரோப்பாவுக்குப் போய்விட்டார்.